சீதன வீடும் கணவரின் கையொப்பமும்

கேள்வி: மகளிர் தினத்துக்கு எங்கள் தொடர்மாடிப் பெண்கள் என்ன செய்யலாம்? கோலப்போட்டியும் பொன்னாடையும் அலுத்துவிட்டன.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கோலம் போடுங்கள், யார் தடுத்தார்கள்! கூடவே ஒரு சட்டத்தரணியையும் கூப்பிடுங்கள். சீதனமாக உங்கள் பெயரில் எழுதிய வீட்டு உறுதி அலுமாரியில் இருக்குமே, அதைப் பற்றிக் கேளுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டம் அது. கணவர் தன் தனிச்சொத்தை விற்க மனைவியைக் கேட்க வேண்டியதில்லை! தேசவழமைக்கு உட்படாத பக்கத்து வீட்டு மட்டக்களப்புப் பெண்ணுக்கு இந்தத் தளை கிடையாது. உங்கள் கணவர் நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். இது தெரியாமல், வெளிநாட்டில் இருப்பவரின் ஒரு கையொப்பத்துக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு.

மகளிர் தினக் கூட்டத்துக்குக் கொட்டாஞ்சேனை உறவினர் வந்தால், அவர்கள் பகுதியின் நேசம் சரவணமுத்து அம்மையாரை நினைவூட்டுங்கள். தேர்தல் வழக்கில் கணவர் பதவியிழந்த கொழும்பு வடக்குத் தொகுதியில் 1932இல் போட்டியிட்டு வென்று, அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போனவர்.

கூட்டத்துக்கு வரும் பெண்களிடம் வீட்டு உறுதியின் பிரதியைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். கணவன்மாரும் வரட்டும், அன்றைக்குத் தேநீர் ஊற்றுவது அவர்கள் பொறுப்பு.