கொண்டச்சிக் கடலில் விசைகள்

ஆறாம் தரத்தில் படிக்கும் என் தம்பி ஒருநாள் கேட்டான்: “ராத்தா, முத்துக்குளிக்கிறவங்க கல்லோட இறங்கினா எப்படி மேலே வருவாங்க?” விசையைப் படிக்கும் தங்கைமாருக்கும் அதே விடையைச் சொல்கிறேன்.

எங்கள் கொண்டச்சிக் குடாவின் முத்துக்குளிப்பைப் பற்றி ரொபேட் பெர்சிவல் 1803இல் வெளியிட்ட தம் நூலில் எழுதியுள்ளார்.

மூச்சை நிறைய இழுத்தவர் கடல்நீரில் மிதப்பார். புவி அவரைக் கீழே இழுக்கும். நீர் மேலே தள்ளும். நீரின் தள்ளுகையே மேலுதைப்பு. மிதப்பவர் விரைவாக அடிக்குப் போக இன்னொரு விசை வேண்டும். அதற்குத்தான் கல்.

கருங்கல்லின் திணிவு 15 கிலோகிராம் என வைத்துக்கொள்வோம். அதன் நிறை ஏறத்தாழ 150 நியூற்றன். மேலுதைப்பு ஏறத்தாழ 55 நியூற்றன். மீதி 95 நியூற்றன் கீழ்நோக்கி இழுக்கும். வேகம் கூடக்கூட நீரின் தடையும் கூடும். விசைகள் சமமானதும் அவர் நின்றுவிடமாட்டார். மாறாத வேகத்தில் இறங்குவார்.

பெரும்பாலும் கல் உடலில் கட்டப்படவில்லை. கல் கட்டிய கயிற்றைக் கால்விரல்களால் பற்றியிருப்பார். அடியை அடைந்ததும் விட்டுவிடுவார். ஆனால் ஆழத்தில் நீரமுக்கத்தால் நெஞ்சு சுருங்கும், மேலுதைப்பும் குறையும். ஆகவே சிப்பி பொறுக்கியபின் இன்னொரு கயிற்றை அசைப்பார். படகிலிருப்பவர் உடனே இழுப்பார். அந்த இழுவிசை தாமதித்தால் உயிர் போய்விடலாம்.

தம்பி கொஞ்சம் யோசித்தான். “அப்ப, கயிறு பிடிக்கிறவர் தூங்கக் கூடாது” என்றான். பாடம் அவனுக்கு விளங்கிவிட்டது.