சிறு கணிப்பொறியும் நினைவகக் காவலும்

நம் இளையரசனேந்தல் வீடுகளில் உள்ள துணி துவைக்கும் இயந்திரத்தினுள்ளும் ஒரு சிறு கணிப்பொறி உண்டு. இத்தகைய செயலிக்கென இயக்க முறைமையின் உட்கருவான கெர்னலை அமைக்கும்போது, நினைவக மேலாண்மை அலகு உண்டா என்பதையே நாம் முதலில் கேட்க வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' செயலிகளைப் பார்ப்போம். 'சி' வகையில் அவ்வலகு உண்டு. 2018இல் அதில் லினக்ஸ் இயங்கிற்று. கெர்னல் நினைவகத்தை 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பகுத்து, ஒவ்வொரு நிரலுக்கும் தனி அட்டவணை எழுதுகிறது. அட்டவணையில் இல்லாத பக்கத்தை நிரல் தொட்டால் அலகு தடுத்துவிடும்.

சிறிய 'இ' வகையில் அவ்வலகு இல்லை. அதற்கு ஃப்ரீஆர்டிஓஎஸ் போன்ற சிறு கெர்னலே பொருந்தும். ஆனால் ஒரு பணிக்கு ஒதுக்கிய இடம் நிரம்பி வழிந்தால், அடுத்த பணியின் எண்கள் அழியக்கூடும். இயந்திரமோ வாய் திறவாது! ஆகவே ஒவ்வொரு பணிக்கும் வேண்டிய இடத்தை நாமே கணக்கிட்டு, வழிதலைச் சோதிக்கும் வசதியையும் அமைப்புக் கோப்பில் சேர்த்துவிட வேண்டும்.