குழந்தை இல்லையா? வீட்டுக்காரருக்கும் பரிசோதனை வேண்டும்

நம் குழுவில் குழந்தை இல்லாத சகோதரியைத்தான் ஊர் பேசுகிறது. ஏறத்தாழ பாதித் தம்பதிகளில் ஆண் பக்கமும் காரணம் உண்டு.

விந்தணுவுக்கு ஜிங்க் என்ற துத்தநாகச் சத்து தேவை. எள், கொண்டைக்கடலை, முட்டை, ஆட்டுக்கறியில் இருக்கு. அதற்காக மாத்திரை, லேகியத்துக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், ஜிங்க்கும் ஃபோலிக் அமிலமும் சாப்பிட்ட ஆண்களுக்கு அதனால் பலன் கிடைக்கவில்லை.

ஈயம் வேறு கதை. அது விந்தணுவைக் கெடுக்கும். பழைய பேட்டரி உடைக்கிறவர், ஈயம் உருக்குகிறவர் உடம்பில் தூசியாய், புகையாய்ச் சேரும். வேலை உடுப்போடு வந்தால் பிள்ளைகளுக்கும் ஆபத்து. அங்கேயே குளித்து மாற்றச் சொல்வோம். பீடிப் புகையில் காட்மியம் வேற.

விந்தணு உருவாக 70 நாளுக்கு மேல் ஆகும். பீடியை விட்டாலும் மூன்று மாதம் பொறுக்கணும். டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போவோம், அவர் செய்கிற வேலையையும் மறைக்காமல் சொல்வோம்.