கொல்லிமலை: பஸ்ஸில் ஏறுங்கள், மேலே வண்டி பிடியுங்கள்

கொல்லிமலைக்குக் காரில் போகலாமா, பஸ்ஸில் போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் தயங்காமல் சொல்வது இதுதான்: ஏறுவதும் இறங்குவதும் பஸ்ஸில், மேலே சுற்றுவது வாடகை வண்டியில். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கே 40தான். தினமும் அந்தப் பாதையில் ஸ்டியரிங் பிடிக்கும் ஓட்டுநரிடம் பொறுப்பை விட்டுவிட்டால், நீங்கள் நிம்மதியாக மலையைப் பார்க்கலாம்.

முதலில் நாமக்கல் வந்து சேருங்கள். சேலம் - கரூர் ரயில் பாதை 2013-இல் திறந்ததிலிருந்து ரயிலிலும் வரலாம். நேரம் ஒத்துவராவிட்டால் சேலம், திருச்சி, கரூரிலிருந்து பஸ் உண்டு. நகரத்துக்கு வெளியே முதலைப்பட்டியில் 2024-இல் புதிய பஸ் நிலையம் வந்துவிட்டதால், கொல்லிமலை பஸ் எங்கே நிற்கும் என்று இறங்கியதும் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் முதல் பஸ்ஸையோ அடுத்ததையோ பிடிப்பது நல்லது. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி, சோளக்காடு வழியாக மலைமேல் இருக்கும் செம்மேடு போகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று கணக்கு வையுங்கள். சில பஸ்கள் அறப்பளீஸ்வரர் கோயில் வரை போகும். போர்டைப் பாருங்கள், கண்டக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வாந்தி வரும் என்று பயப்படுபவர்கள் முன்பக்க இருக்கையில் உட்கார வேண்டும். பின் இருக்கைதான் அதிகம் ஆட்டும். வயிறு முட்டச் சாப்பிடாமல் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். செல்போனைப் பையில் போட்டுவிட்டு ரோட்டைப் பாருங்கள். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை இருக்கிறது; பிள்ளைகளை எண்ணச் சொன்னால் அவர்களுக்கும் தலைசுற்றல் மறந்துபோகும்.

சொந்த வண்டிதான் என்று முடிவு செய்துவிட்டால் பெட்ரோலை அடிவாரத்துக்கு முன்பே நிரப்பிவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும், சட்டமும் அதுதான். வளைவில் பஸ் திரும்பினால் ரோடு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஹாரன் சத்தம் கேட்டதும் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நில்லுங்கள். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிக் கருகிய வாடை வரும். அப்போது அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இந்த மலைக்கு வரவே வேண்டாம். இறக்கம் முழுவதையும் பிரேக் மட்டும் தாங்காது. சேலம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதை இருக்கிறது. வளைவு குறைவு, புதிதாக மலை ஓட்டுபவர்களுக்கு அதுவே மேல்.

செம்மேட்டில் இறங்கியதும் செய்ய வேண்டியது, திரும்பும் பஸ் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்வது. பிறகு வாடகை வண்டி பேசுங்கள். அறப்பளீஸ்வரர் கோயில், மாசிலா அருவி, சீக்குப்பாறை, எட்டுக்கை அம்மன் கோயில், வாசலூர்பட்டி படகு இல்லம் என்று போக வேண்டிய இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து மொத்த வாடகையை முன்பே முடித்துவிடுங்கள். ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு திசையில் கிடக்கிறது. பஸ்ஸை நம்பினால் ஒரே நாளில் இரண்டு இடம் பார்ப்பதே பெரிது. கையில் ரொக்கம் இருக்கட்டும். மலையில் வழி கேட்டால் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று நாட்டுப் பெயரைத்தான் சொல்வார்கள். அறப்பளீஸ்வரர் கோயில் இருப்பது வளப்பூர் நாட்டில், செம்மேடு வாழவந்தி நாட்டில்.

ஆகாய கங்கை அருவிக்கும் போவதானால் அதை முதலில் வையுங்கள். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம், ஈரத் துணியோடு ஏறி வரும்போதுதான் முழங்கால் பேசும். மூட்டு வலி உள்ளவர்கள் கோயிலோடு நின்றுகொள்ளலாம், மாசிலா அருவி அவர்களுக்கு எளிது. மதியத்துக்குமேல் படியிறங்கினால் அன்றைய மற்ற இடங்களை மறந்துவிட வேண்டியதுதான்.

திரும்பும்போது கடைசி பஸ்ஸுக்காகக் காத்திருக்காமல் அதற்கு முந்தையதைப் பிடியுங்கள். தவறவிட்டால் மலையில்தான் தங்க வேண்டும். மற்ற நாட்களில் செம்மேட்டில் அறை கிடைக்கும்; ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும்போது முன்பே சொல்லி வைக்காதவர்களுக்குக் கிடைப்பது கஷ்டம்.