பழைய டீசல் பிக்கப் வாங்குமுன்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் சிறுதொழில் நடத்தும் வாடிக்கையாளர்கள் எங்கள் கடன் பிரிவுக்கு அடிக்கடி கொண்டுவரும் கேள்வி ஒன்று உண்டு. "பழைய டீசல் பிக்கப் ஒன்று மலிவாக வருகிறது, கடன் கிடைக்குமா?" என்பதே அது. தோல் பைகளைக் கடைகளுக்கு அனுப்புவோரும், காய்கறி, பூ ஏற்றுவோரும் வாடகை டெம்போவுக்கு மாதந்தோறும் கொடுக்கும் தொகையைக் கூட்டிப் பார்த்து, சொந்த வண்டி இருந்தால் மிச்சமாகுமே என்று எண்ணுவது இயல்பு. அந்த எண்ணத்தில் பிழையில்லை. வாங்கும் முறையில்தான் பலர் தவறுகின்றனர்.

தாராவியில் பை தைக்கும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், வண்டியின் நிறத்தையும் புதிய டயர்களையும் பார்த்து மனம் நிறைந்து, 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். பதிவு எண்ணைக் கொண்டு அரசின் 'வாகன்' இணையப் பதிவேட்டில் பார்த்தோம். முந்தைய கடன் நிறுவனத்தின் பெயர் அதில் நீக்கப்படாமல் இருந்தது. தகுதிச் சான்றும் காலாவதியாகியிருந்தது. "கடன் எப்போதோ முடிந்துவிட்டது" என்றார் விற்பவர். அதற்கான கடிதத்தை மட்டும் அவரால் காட்ட இயலவில்லை. நம் வாடிக்கையாளர் பின்வாங்கினார், முன்பணம் திரும்பவில்லை. ஐந்து நிமிடச் சோதனையை முன்னரே செய்திருந்தால் அத்தொகை அவரிடமே இருந்திருக்கும்.

ஆகவே ஆவணம், எஞ்சின், கணக்கு என்ற வரிசையில் ஆராய்ந்து, மூன்றும் முடிந்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் அறிவுரை.

முதலில் ஆவணம்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறிக்கப்பட்டுள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும், எண் உள்ள இடம் தேய்க்கப்பட்டோ மறுபடி பற்றவைக்கப்பட்டோ இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

முந்தைய கடன் பதிவு இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் கையொப்பமிட்ட படிவம் 35-உம் வேண்டும். சரக்கு வாகனத்துக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்கப்பட வேண்டும். மகாராஷ்டிரத்தில் எட்டாண்டைக் கடந்த சரக்கு வாகனத்துக்குச் சுற்றுச்சூழல் வரியும் உண்டு. செலுத்தப்படாத மின்னணு அபராதங்கள், சாலை வரி, புகைச் சான்று ஆகியவற்றையும் பாருங்கள். விலை பேசும்போது, இந்த நிலுவைகளை யார் கட்டுவது என்பதை எழுத்தில் பெறுங்கள்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். படிவம் 29, 30 ஆகியவற்றைக் கையொப்பத்துடன் நிறைவு செய்ய வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையில், விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தம் பழைய வண்டியை விற்கும் வாடிக்கையாளர்களுக்கும் இது முக்கியம். பெயர் மாறாமலே பல கை மாறிய வண்டி ஒன்று விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

காப்பீட்டில் மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு வாங்கியவருக்கு மாறும். சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு அவ்வாறு தானாக மாறாது. எனவே 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து எஞ்சின்

வண்டியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நீங்கள் போகுமுன்பே சூடேற்றி வைத்திருந்தால், மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பத் திணறுகிறதா என்பதை அறிவதே முதல் சோதனை.

அடுத்து சைலன்சர் புகை. முடுக்கும்போது தொடர்ந்து வரும் கரும்புகை, டீசல் முழுமையாக எரியாததைக் காட்டும்; அடைபட்ட ஏர் ஃபில்டரோ பழுதான இன்ஜெக்டரோ காரணமாகலாம். நீலப் புகை, எஞ்சின் ஆயில் எரிவதன் அறிகுறி, செலவு பெரிது. எஞ்சின் சூடான பின்னும் நிற்காத வெண்புகை, ரேடியேட்டர் நீர் எஞ்சினுக்குள் கசிவதையோ, சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருப்பதையோ குறிக்கலாம்.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கவனமாகத் திறக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து புகை விட்டுவிட்டுப் பலமாக வெளியேறினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். மூடியின் உட்புறத்தில் பால் நிறப் படிவு இருந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கக் கூடும். ரேடியேட்டரை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும்.

பின்னர் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டியை சேசிஸில் உள்ள விரிசலும், புதிய வெல்டிங் தழும்பும், தட்டையாகிப்போன லீஃப் ஸ்பிரிங் பட்டைகளும் காட்டிக்கொடுக்கும். மும்பையில் கடற்காற்றின் துருவும் மழைவெள்ளமும் கூடுதல் கவலை. கிங் சர்க்கிள் காந்தி மார்க்கெட், சயான், குர்லா போன்ற தாழ்ந்த இடங்களில் நீர் தேங்குவதை நாம் அறிவோம். இருக்கைக்கு அடியிலும் டாஷ்போர்டின் உட்புறத்திலும் வண்டல் படிவோ பூஞ்சை வாடையோ இருந்தால், அது வெள்ளத்தில் நின்ற வண்டியாகலாம்.

ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம்; தேய்ந்த பெடலும் ஸ்டியரிங்கும் அதைவிட உண்மை பேசும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 3221 என்றால் 2021-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். இறுதியாக, நீங்கள் வழக்கமாக ஏற்றும் பாரத்துடன் ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்கள். விற்பவருக்கு அறிமுகமில்லாத ஒரு மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்வது நன்று.

முடிவில் கணக்கு

உதாரணமாக, வண்டியின் விலை 3,50,000 ரூபாய் என்றும், அதில் உங்கள் பணம் 1,00,000 என்றும் கொள்வோம். மீதி 2,50,000 ரூபாயை 12 சதவீத வட்டியில் 36 மாதங்களுக்குக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை சுமார் 8,304 ரூபாய். பழுதுக்கு மாதம் 4,000, காப்பீடு, வரி, தகுதிச் சான்றுக்கு மாதம் 3,000 என ஒதுக்கினால் மொத்தம் 15,304 ரூபாய். மாதம் 25 நாட்கள் ஓடினால் நாளொன்றுக்கு 612 ரூபாய். 15 நாட்களே ஓடினால் 1,020 ரூபாய். டீசலும் ஓட்டுநர் சம்பளமும் தனி. இந்தக் கூட்டுத்தொகையை நீங்கள் இப்போது கொடுக்கும் டெம்போ வாடகையோடு ஒப்பிடுங்கள். வண்டி அதிக நாட்கள் சும்மா நிற்குமானால் வாடகையே இலாபம்.

கடன் முடியும்போது வண்டிக்கு என்ன வயதாகியிருக்கும் என்பதையும் எண்ணுங்கள். மும்பைப் பெருநகரப் பகுதியில் பெட்ரோல், டீசல் வாகனங்களை விலக்கி, சி.என்.ஜி., மின்சார வாகனங்களை மட்டும் அனுமதிக்க இயலுமா என்று ஆராய, உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து மகாராஷ்டிர அரசு 2025 ஜனவரியில் ஏழு பேர் குழுவை அமைத்தது. எனவே பழைய டீசல் வண்டிக்கு நீண்ட காலத் தவணை வேண்டாம். எட்டாண்டைக் கடந்த வண்டியானால், மும்பையில் அதற்குள்ள கட்டுப்பாடுகளை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்டறிந்த பின்னரே விலை பேசுங்கள்.

வண்டி பிடித்துவிட்டதா? முன்பணம் கொடுக்குமுன் ஆர்.சி. நகலுடன் உங்கள் கிளைக்கு ஒருமுறை வாருங்கள். சேர்ந்தே பார்ப்போம்.