ஆபீஸ் விட்டு வந்ததும் அரை மணியில் டிபன்

அசந்துபோய் வீடு திரும்பும் நாளில் கைகொடுப்பது கோதுமை ரவை கிச்சடிதான். ஒரு டம்ளர் ரவை, கால் டம்ளர் பாசிப்பருப்பு இரண்டையும் வாசம் வரும்வரை வெறும் வாணலியில் வறுங்கள். குக்கரில் எண்ணெய் விட்டு கடுகு, சீரகம் தாளித்து, இஞ்சி, பச்சைமிளகாய், வெங்காயம், தக்காளி, வீட்டில் இருக்கிற காய் எதுவானாலும் வதக்குங்கள். வறுத்ததோடு மூன்றரை டம்ளர் தண்ணீர், உப்பு, மஞ்சள்தூள் சேர்த்து 3 விசில். பிரஷர் தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் பருப்பு நறுக்கென்று நிற்கும். இறக்கியதும் ஒரு ஸ்பூன் நெய். தொட்டுக்கொள்ள ஊறுகாய் போதும், சட்னி அரைக்கக் கிளம்பாதீர்கள்.

அதுவும் முடியாதா? கெட்டி அவலை அலசி வடித்து, 10 நிமிடம் மூடி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சி வைத்த புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசறினால் புளி அவல் தயார். புளிக்காய்ச்சலில் நல்லெண்ணெய் மேலே மிதக்க வேண்டும், ஈரக் கரண்டி படக்கூடாது. அப்படியென்றால் ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் தாராளமாகத் தாங்கும்.

தோசைமாவு புளித்துக் கிடக்கிறதா? பொடியாக நறுக்கிய வெங்காயம், கறிவேப்பிலை கலந்து குழிப்பணியாரமாக ஊற்றுங்கள். மேலே இட்லிப்பொடி தூவி எடுத்தால் சட்னி கேட்டு பிள்ளைகள் நச்சரிக்க மாட்டார்கள்.