முதலில் ஊரின் பலத்தைக் கணக்கெடுங்கள்

செவிலியர், சுகாதார ஆய்வாளர், தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பாளர் என எந்தப் பொறுப்பில் களத்துக்கு வந்தாலும், முதல் வாரம் நம் கைக்கு வருவது குறைகளின் பட்டியல்தான்: எத்தனை பேருக்குச் சர்க்கரை, எத்தனை பேருக்கு ரத்தசோகை. அது தேவைதான். ஆனால் யாரால் என்ன முடியும் என்ற இன்னொரு பட்டியல் இல்லாமல் வேலை நகராது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நாகரசம்பட்டி போன்ற பேரூராட்சியில் அதைத் தயாரித்துப் பயன்படுத்தும் வழி இது.

மாவட்டமே முன்னுதாரணம்

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க, மாத்திரையை வாசலிலேயே கொடுக்க, மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களை அரசு தன்னார்வலர்களாகத் தேர்ந்தெடுத்தது. அந்தக் குழுக்களின் வேரும் இங்கேதான். 1989-இல் அரசு முதன்முதலாக அவற்றை அமைத்தது, அன்று கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த தருமபுரி மாவட்டத்தில். சேமிப்புக்காகக் கூடியவர்கள் அக்கம்பக்கத்தின் நம்பிக்கையையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த நம்பிக்கையின் மேல் நின்ற திட்டம் 2024-இல் ஐ.நா. விருது பெற்றது.

கணக்கெடுப்பது எப்படி?

1. நடந்து பாருங்கள். பால் சொசைட்டி, டீக்கடை, வாரச்சந்தை, ஷிப்ட் பஸ் நிற்கும் இடம்: யார், எந்த நேரத்தில் கூடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. “ராத்திரியில் உடம்புக்கு முடியலைன்னா முதல்ல யாரைக் கூப்பிடுவீங்க?” என்று வீடுகளில் கேளுங்கள். ஒரே பெயர் மூன்று வீட்டில் வந்தால், அவர்தான் உங்கள் முதல் கூட்டாளி. அவர் ஆட்டோ ஓட்டுநராகவும் இருக்கலாம், ஓய்வுபெற்ற ஆசிரியையாகவும் இருக்கலாம்.

3. மொழியைக் கவனியுங்கள். எல்லை மாவட்டத்தில் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் பல. அந்த மொழி தெரிந்தவர் சொன்னால்தான் மாத்திரை சாப்பிடும் முறை பாட்டிக்குப் புரியும்.

4. அடுப்படியைப் பாருங்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. புதிய சத்துணவுப் பட்டியல் நீட்டுவதைவிட, களியோடு கீரையையும் பயறையும் சேர்க்கச் சொல்வது எளிது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் களியின் அளவையும் சொல்லுங்கள்.

பயன்படுத்துவது எப்படி?

புதிய கமிட்டி தொடங்காதீர்கள். ஏற்கெனவே நடக்கும் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். குழுவின் ஊக்குநரிடமும் பிரதிநிதியிடமும் முன்கூட்டியே பேசி, கடைசிப் பத்து நிமிடம் கேளுங்கள். சேமிப்புப் பணம் எண்ணி முடிந்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் நேரம் அது, எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு விஷயம் போதும். உதாரணமாக, இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சாப்பிடக் கூடாது என்பது. “அடுத்த கூட்டத்துக்குள் பரிசோதனைக்கு யார் யாரை அழைத்து வருவீர்கள்?” என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள். ஆனால் ஒருவருடைய நோயைப் பொது நோட்டில் எழுதக் கூடாது. ஒருமுறை ரகசியம் வெளியே போனால், அடுத்த வீடு கதவைத் திறக்காது.

கூட்டத்துக்கு வராத ஆண்களைப் பால் சொசைட்டியிலேயே பிடிக்கலாம். பால் ஊற்ற வரும் காலை நேரத்தில் ரத்த அழுத்தக் கருவியோடு அங்கே இருங்கள். நடந்து வந்தவரை ஐந்து நிமிடம் உட்காரவைத்த பிறகே பாருங்கள். இல்லையென்றால் அளவு கூடுதலாகக் காட்டும். அளவு அதிகமாக இருப்பவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவதோடு நிறுத்தாமல், போனாரா என்று அடுத்த வாரம் கேளுங்கள்.

எல்லையும் தெரிந்திருக்கட்டும்

ஊரின் பலம் என்பது பெண்களின் கூலியில்லா உழைப்பு அல்ல. தன்னார்வலரின் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஊக்கத்தொகை தாமதமானால் அவருக்காக அலுவலகத்தில் பேசுங்கள். மாதாந்திர அறிக்கையில் அவர் செய்த வேலையை அவர் பெயரிலேயே எழுதுங்கள். மாத்திரை இருப்பு, மருத்துவர் வருகை, ஆய்வக முடிவு ஆகியவை துறையின் கடமை. ஊர் ஆளை அழைத்து வரும். வந்தவர் வெறுங்கையோடு திரும்பாமல் பார்த்துக்கொள்வது சம்பளம் வாங்கும் நம் வேலை.